செய்யாததைச் சொன்னேன்

என் மகள் அடித்தால் சத்தம் வராது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் கேட்கும், மாடி வீட்டில் கட்டிலை இழுத்தால் கேட்கும், ஆனால் என் முதுகில் விழுகிற அடி எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்கும், ஏனென்றால் அது ஈரத்துண்டு, நனைத்து முறுக்கினது, அது தோலைக் கிழிக்காது, தடம் வைக்காது, உள்ளே போய்த்தான் வலிக்கும். இதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது. இப்போது நான் ஆயுதப்படை மைதானத்துச் சமுதாயக் கூடத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் டோக்கன் இருபத்து மூன்று, மடியில் ஒரு தாள், மேடையில் கட்டியிருக்கிற துணியில் காவலர் நல்வாழ்வுப் பயிற்சி, குடும்பத்தினர் சந்திப்பு என்று பெரிய எழுத்து. உள் அறையில் ஒரு போலீஸ் அம்மா ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக் காவலர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாளாம். பதினான்கு வரைக்கும் போயிருக்கிறது. நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் காலையில் ஜெசிந்தா இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். "யம்மா, நல்லாத் தூங்குறா, நல்லாச் சாப்பிடுறா, கோபமே வராது. இந்த மூணு மட்டும் சொல்லு. நாலாவது வார்த்த உன் வாயில இருந்து வரக்கூடாது, ஆமா." சொல்லிவிட்டு என் இடது காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். அந்தக் காதுக்குள் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு குளவி இருக்கிறது. ஞ்ஞ் என்று ஒரே சுருதியில் சுற்றுகிறது, வெளியே வர வழி தெரியாமல்.

நல்லாத் தூங்குறா, நல்லாச் சாப்பிடுறா, கோபமே வராது. செபமாலை மணி மாதிரி இந்த மூன்றையும் விரலில் உருட்டுகிறேன். மாதாவே, நான் பொய் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேனா? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் இதே மாதிரி வகுப்பில் ஒரு போலீஸ்காரன் எழுந்து, சார் எனக்கு ராத்திரியெல்லாம் யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு என்று உண்மையைச் சொன்னானாம். சொன்னது வெளியில் போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மறு வாரம் அவனை மைக்செட் ரூமுக்குக் காவல் போட்டார்கள், லைட் டூட்டி என்று. அதற்கப்புறம் அவனுக்குப் பேரே கிடையாது, மெண்டல் வர்றான், மெண்டல் போறான். என் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நாலு வயது, மூன்று பட்டை வாங்கின ஏட்டு, மகளிர் ஸ்டேஷனில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் குடிகாரப் புருஷன்மார் எழுந்து நிற்பார்கள். கல்யாணம் வேண்டாம் என்றவள். அண்ணன்காரன் குவைத்துக்குப் போனதிலிருந்து குவார்ட்டர்ஸில் நானும் அவளும்தான். அவளைப் பார்த்து யாராவது மெண்டல் என்றால் அவள் உயிரோடு இருப்பாளா? சொல்லாவிட்டால்தான் உயிரோடு இருப்பாளா? இந்த இடத்தில்தான் என் புத்தி, முள்ளில் மாட்டின சேலை மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்கிறது.

மடியில் இருக்கிற தாளில் கட்டம் கட்டமாகக் கேள்வி. உறக்கத்தில் அலறுகிறாரா. பொருள்களை உடைக்கிறாரா. தனியாக இருக்க விரும்புகிறாரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்கக் கட்டம். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுருங்கக்கா, அப்பத்தான் சீக்கிரம் விடுவாங்க" என்று பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னாள். பேர் வெண்ணிலாவாம், புருஷன் ஜீப் டிரைவர். அவள் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால் நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. "எங்க வீட்டு மனுசனுக்கு மூணு நாளா சிரிக்கச் சொல்லிக் குடுக்குறாங்கக்கா. காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுல வரிசையா நின்னு ஹா ஹான்னு சிரிக்கணுமாம். இன்ஸ்பெக்டரு விசில் ஊதுனா நிறுத்திரணும். ஒரு ஆளு விசில் ஊதின பிறகும் சிரிச்சுட்டான்னு மெமோ குடுத்துட்டாங்களாம்." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததும் விலா எலும்பு பிடித்தது, துண்டு விழுந்த இடம். "என்னக்கா?" "ஒண்ணுமில்லம்மா, வாயு." வெண்ணிலா என் காதோரத்துக் கருநீலத்தைப் பார்த்தாள். போலீஸ் பெண்டாட்டி அல்லவா, மேற்கொண்டு கேட்கவில்லை. பர்ஸிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஐயோ, அந்த மாதிரி மூடாதேயம்மா, அழுதுவிடுவேன்.

இந்தப் பிள்ளை இப்படி இல்லை. எல்லாத் தாயும் சொல்வதுதான், திருடன் தாயும் சொல்வாள். ஆனால் நான் துணி துவைத்தவள், எனக்குத் தெரியும் அவள் எப்போதிருந்து மாறினாள் என்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எரிந்துபோன ஒரு பெண்ணை ஆட்டோவில் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், வழியெல்லாம் யாரு ஊத்துனது யாரு ஊத்துனது என்று கேட்டுக்கொண்டே. அன்றைக்கு அந்தக் காக்கிச் சட்டையை நான்தான் ஊறப்போட்டேன். கையோரத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன், அப்புறம்தான் அது என்ன என்று தெரிந்தது. வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவள் உள்ளே மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஊறுகாய் எங்கம்மா வச்ச என்றாள். தண்டவாளத்தில் கை தனியாகக் கால் தனியாகக் கிடந்ததைச் சாக்கில் பொறுக்கினாள். கிணற்றில் மூன்று நாள் ஊறின பெண்ணை முடியைப் பிடித்துத் தூக்கினபோது முடி மட்டும் கையோடு வந்ததாம். சிறுபிள்ளைகளுக்கு நடக்கிற அசிங்கத்தையெல்லாம் அந்தப் பிள்ளைகள் வாயாலேயே கேட்டு எழுதினாள், அதையும் இரண்டு தடவை, முதல் தடவை எழுதினது பெரிய அதிகாரிக்குத் திருப்தி இல்லை என்று. எல்லாம் வீட்டுக்கு வந்தது. செருப்பை வாசலில் விடலாம், அதை விட முடியாது. அப்போதும் அவள் என்மேல் கை வைத்ததில்லை. செவந்தி கேஸுக்கு அப்புறம்தான்.

செவந்தியை நான் பார்த்ததில்லை. செங்கல் சூளையில் வேலை செய்கிறவள், கட்டினவன் விட்டுப் போய் இன்னொருத்தனோடு இருந்தவள். மூன்று வயதுப் பெண் பிள்ளை தண்ணீர் டிரம்முக்குள் தலைகீழாகக் கிடந்தது. போன கார்த்திகையில். ஆத்தாக்காரிதான் இடைஞ்சல் என்று முக்கிக் கொன்றுவிட்டாள் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது, பஸ்ஸெல்லாம் நின்றது, டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையை டிரம்மிலிருந்து தூக்கினது ஜெசிந்தா. அவளுக்கு மேலே இருந்தவர்கள், சாயந்திரத்துக்குள் செவந்தி ஒத்துக்கொள்ள வேண்டும், நீதான் பேசத் தெரிந்தவள், நீ பேசு என்று சொல்லி அனுப்பினார்கள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஐந்தரைக்குச் செவந்தி ஒத்துக்கொண்டாள். ஏழு மணி செய்தியில் வந்தது. ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், தங்கக் கோடு போட்டது. நான் அதைக் கண்ணாடி போட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, என் பிள்ளையை உயர்த்தினாயே தாயே என்று மூன்று மங்கள வார்த்தை செபம் சொன்னேன். மூன்று. மெழுகுதிரி வேறு. எந்த வாயால் சொன்னேனோ.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, நான் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இவள் முப்பது மணி நேரம் திருவிழா பந்தோபஸ்து பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தாள். பகலில் தூங்குவதால் வெளிச்சத்துக்கு எப்போதும் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொள்வாள். போகும்முன் காப்பியை வைத்துவிட்டுப் போகலாம் என்று காலைத் தொட்டேன். அவ்வளவுதான். எழுந்தது தெரியவில்லை, என் முதுகு சுவரில் இருந்தது, அவள் முழங்கை என் தொண்டைக்குழியில். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. "சொல்லுடி. புள்ளைய என்னடி செஞ்ச?" ஜெசி, அம்மாடி, நான் அம்மாடி என்றேன். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் ஒரு இடி. "உன் பேரக் கேக்கல. என்னடி செஞ்ச?" துண்டு முறுக்குகிற சத்தம் கேட்டது, தண்ணீர் என் பாதத்தில் சொட்டினது. முதல் அடியில் மூச்சு போய்விட்டது. இரண்டாவதில் நான் ஒன்றுக்குப் போய்விட்டேன், அறுபத்தொரு வயதில், நின்ற இடத்தில். ஐந்தோ ஆறோ விழுந்திருக்கும். அப்போது என் வாய் தானாகச் சொன்னது, "நான்தான், நான்தான் தண்ணில முக்குனேன்." நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்த அடிக்கு எது வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அது சொல்லிவிட்டது. ஜெசிந்தா கையை இறக்கினாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கட்டிலில் சாய்ந்தாள். பால் குடித்த பிள்ளை மாதிரி ஒன்பது மணி நேரம் தூங்கினாள். எழுந்து வந்து, "என்னம்மா கழுத்துல செவந்திருக்கு, யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா? எவன்னு சொல்லு, தோல உரிச்சுருறேன்" என்றாள். நிஜமாகவே கேட்டாள். கொடிக்கயிறு மாட்டிக்கொண்டது என்றேன்.

அதையும் சேர்த்து எத்தனை தடவை ஒத்துக்கொண்டேன். பதினொன்று. நான் எண்ணியிருக்கிறேன். முதல் மூன்று தடவைக்குப் பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது, சிரிக்காதே மாதாவே. அடி விழும்முன்னேயே ஒத்துக்கொண்டால் இரண்டு அடியோடு போய்விடும், அவளும் தூங்கிவிடுவாள். பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட மருந்து இது என்று நினைத்தேன். காய்ச்சலுக்குக் கஷாயம் மாதிரி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், காலைப் பிடிச்சேன், தலைய உள்ள விட்டேன், அது கத்துச்சு, மூடி போட்டேன். ஐயோ, பேரன் பேத்தி பார்க்காத இந்தக் கையை வைத்துக்கொண்டு, காயை நறுக்குகிற கத்தியோடு, ஒரு பச்சைப் பிள்ளையை மனசுக்குள் எத்தனை தடவை கொன்றேன். கொல்லக் கொல்ல நன்றாகச் சொல்ல வந்தது. ஆனால் அவள் கேள்வி மாறிக்கொண்டே போனது. பிள்ளையை என்ன செய்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டாள். "செங்கல்ல யாருடி அடுக்குனா? டிரம்முக்குப் பின்னாடி செங்கல்ல யாரு அடுக்குனா?" எனக்குச் செங்கல் தெரியாதே. நானே அடுக்கினேன் என்றேன். அதற்கு மட்டும் அவள் சமாதானமாகவில்லை. பொய், பொய் என்று அடித்தாள்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமி, செய்யாத கொலையைச் செய்ததாகப் பதினோரு தடவை சொல்லிவிட்டேன். சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை, சின்ன வயசு, போன வருஷம்தான் குருப்பட்டம் வாங்கினவர். "யாருகிட்டம்மா சொன்னீங்க?" "எம் மககிட்ட சாமி." "விளையாட்டுக்கா?" "இல்ல சாமி, அடி தாங்காம." கம்பிக்கு அந்தப் பக்கம் இருமினார். அப்புறம், "இனிமே பொய் சொல்லாதீங்கம்மா. உண்மை விடுதலை ஆக்கும்" என்றார். நல்ல பிள்ளை. உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். பகல் பதினொன்றரை. அவள் கேட்டாள். "நான் எதுவும் செய்யல. எனக்கு எதுவும் தெரியாது" என்றேன். அடித்தாள். செய்யல. அடித்தாள். செய்யல ஜெசி. துண்டைப் போட்டுவிட்டு வெறுங்கையால் காதில் ஒன்று கொடுத்தாள், அப்போதுதான் அந்தக் குளவி உள்ளே போனது. நான் விழுந்தேன், வாயில் உப்பாக ரத்தம். எதற்கோ அவளும் என் முன்னால் முழங்காலில் விழுந்தாள். முதல் தடவையாக அந்தக் கண்ணுக்குள் அவள் திரும்பி வந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பதினோரு தடவையும் ஒன்றாக அவளுக்கு விளங்கினது. நிலைக்கதவில் தன் நெற்றியை மோதினாள், ணங், ணங், மரம் அதிர்ந்தது. நான் தவழ்ந்து போய் என் உள்ளங்கையை நடுவில் வைத்தேன். என் விரலோடு சேர்த்து ஒரு தடவை மோதிவிட்டு நின்றாள். "அந்தப் புள்ள தானா ஏறியிருக்கும்மா" என்றாள். ஒரே தடவை. நேற்று மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அவள் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்துவைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னடி பார்க்கிறாய் என்றேன். எவ்வளவு ஆழம் இருக்கும் என்று பார்த்தேன் என்றாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. கீழே வரும்வரை, படி படியாக, குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டே வந்தேன்.

இருபது. உள்ளே போன குடும்பம் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறது. ஜன்னல் வழியாக மைதானம் தெரிகிறது. போலீஸ்காரர்களெல்லாம் ஒரே மாதிரி வெள்ளை பனியன் போட்டு வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்து ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் மூச்சு விடுகிறார்கள். ஜெசிந்தா மூன்றாவது வரிசை. முதுகு நேராக. மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று மைக்கில் சொல்கிறார்கள். எனக்குத் தொண்டையில் முழங்கை இருக்கிற மாதிரியே இருக்கிறது. எனக்கு இந்த மூக்குப் பயிற்சியைப் பார்க்கப் பார்க்க ஒன்று விளங்குகிறது, இத்தனை மாதம் விளங்காதது. நான் செய்யாததை எப்படி அவ்வளவு அழகாகச் சொன்னேன்? காலைப் பிடித்தேன், தலையை உள்ளே விட்டேன் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அடிதான் சொல்லிக்கொடுத்தது. சரியான பதில் வரும்வரை அது விழும், வந்ததும் நிற்கும், அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அப்படியானால் அந்த ஐந்தரை மணிக்குச் செவந்தி சொன்னாளே. அவளுக்கும் இதே கை. இதே துண்டோ என்னவோ. பெற்ற பிள்ளையை டிரம்மிலிருந்து தூக்கிப் போட்டு இன்னும் அதன் தலை காயவில்லை, அதற்குள் கதவைச் சாத்தி அவளை… மாதாவே, பிள்ளையைப் பறிகொடுத்தவளே, உனக்குத்தானே தெரியும். எட்டு மாதமாக அவள் உள்ளே இருக்கிறாள். நான் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டேன். நான் இரண்டு அடிக்கு ஒத்துக்கொண்டேன், அவள் எத்தனைக்கு ஒத்துக்கொண்டாளோ. என் ஜெசிந்தா என்னிடம் கேட்டதெல்லாம் என்னிடம் கேட்டதில்லை. அவள் தன்னைத்தான் சுவரில் சாத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நான் போய் நான்தான் நான்தான் என்று ஒத்துக்கொண்டு அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். பாவி, நான் மருந்து கொடுக்கவில்லை. அவள் வாயிலிருந்து வர வேண்டியதைப் பதினோரு தடவை நான் அடைத்தேன். அப்படியானால் இப்போது உள்ளே போய் நான் எதைச் சொல்வது? அவளுக்குச் சுகமில்லை என்று பாதியைச் சொல்லலாம், விடுப்பு கிடைக்கும். முழுதையும் சொன்னால் அவள் தொப்பி போகும், அவளையே உள்ளே வைப்பார்கள். பெற்றவள் செய்கிற காரியமா? சொல்லாமல் போனால் தொட்டி மூடி. அதுவா, இதுவா. பாதியா, முழுதா. "அக்கா, இருபத்து மூணு உங்களதுதானே? ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க" என்று வெண்ணிலா தோளைத் தட்டினாள். குளவி விடவில்லை, எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுந்தரவல்லி என்று பேர் குத்தின போலீஸ் அம்மா. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. நானும் ஏட்டுதான், பதினெட்டு வருஷ சர்வீஸு. எனக்கும் ரெண்டு வருஷம் தூக்கம் போச்சு, சுவத்தோட பேசிட்டு இருந்தேன். அதனாலதான் இந்த வேலைக்கு நானே கேட்டு வந்தேன். சொல்லுங்க, ஜெசிந்தா எப்படி இருக்காங்க?" நல்லாத் தூங்குறா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். "என்னை அடிக்கிறாம்மா" என்று வந்தது. அப்புறம் நிற்கவில்லை. ஈரத்துண்டு, முழங்கை, நின்ற இடத்தில் நனைந்தது, காது, நிலைக்கதவு, தொட்டி மூடி. அவள் எழுதிக்கொண்டே வந்தாள், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள், என் கையைப் பிடித்தாள். நல்ல மனுஷி. செவந்தி என்றதும் பேனா மெதுவானது. செங்கல் என்றதும் நின்றது. அந்தப் பிள்ளை தானாக ஏறியிருக்கும் என்று ஜெசி சொன்னதைச் சொன்னேன். சுந்தரவல்லி பேனாவுக்கு மூடி போட்டாள்.

"அம்மா, இத நான் கேக்கல. நீங்களும் சொல்லல. இது நல்வாழ்வு, அது கேஸு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா உங்க மக வாழ்க்கை போயிரும். நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கே லீவு வாங்கித் தர்றேன். பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மாட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அந்த ஸ்டேஷன விட்டு மாத்தச் சொல்றேன். மாத்திரை போட்டா ஒரு வாரத்துல நல்லாத் தூங்குவாங்க." நான் இத்தனை மாதமாக முழங்கால் தேயக் கேட்டதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறாள். எடுத்துக்கொள், கையை நீட்டு என்கிறது என் வயிறு. "தூங்குவாளா?" என்றேன். "சத்தியமாம்மா." "அந்தப் பொண்ணு?" "எந்தப் பொண்ணு?" "ஜெயில்ல இருக்குறவ. அவளுக்கு மாத்திரை குடுக்குறாங்களா?" சுந்தரவல்லி மின்விசிறியைப் பார்த்தாள். "எம் மக மாத்திரைக்குத் தூங்கிருவாம்மா. முழிச்சதும் கேப்பாளே. நான் இல்லாதப்ப யார அடிச்சுக் கேப்பா?" என் குரல் இப்படி வரும் என்று எனக்கே தெரியாது. "நான் எட்டாவது படிச்சவ. எழுத வரும். அந்தப் பேனாவக் குடுங்க." அவள் கொடுக்கவில்லை. மேஜையில் கிடந்த வேறொரு பேனாவை எடுத்துக்கொண்டேன். கேள்வித் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, எழுந்து வாசலுக்குப் போய், "ஜெசிந்தா, கொஞ்சம் வாங்க. உங்கம்மாகிட்ட நீங்களே பேசுங்க" என்று மைதானத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஜெசிந்தா வியர்வையோடு வந்தாள். ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்னம்மா எழுதுற?" ஸ்டேஷன் குரல். என் உடம்பு தானாகக் குறுகினது, முதுகு அடிக்குத் தயாராகிவிட்டது, நான்தான் நான்தான் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். எழுதின வரைக்கும் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். செவந்தி பிள்ளையைக் கொல்லவில்லை என்று என் மகளுக்குத் தெரியும். டிரம்முக்குப் பின்னால் இரண்டு மூன்று செங்கல் இருந்தது. பிள்ளை அதன்மேல் ஏறி. அவ்வளவுதான் எழுதியிருந்தேன், என் எழுத்து பெரிய எழுத்து. அவள் குனிந்து படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கை வந்தது. நான் கண்ணை மூடவில்லை. அந்தக் கை தாளில் இறங்கி ஒரு விரலாக ஒரு வரியில் நின்றது.

"நாலு" என்றாள்.

"என்ன நாலு?"

"ரெண்டு மூணு இல்ல. நாலு செங்கல். சுவத்துப் பக்கம், படி மாதிரி. மேல் செங்கல்ல அந்தப் புள்ள செருப்பு ஒண்ணு இருந்துச்சு." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "அவ ஒத்துக்கிட்டான்னு மேல சொல்லியாச்சு. அதுக்கப்புறம் இடத்த அளக்கப் போனப்பத்தான் பாத்தேன். நான் மட்டும்தான் பாத்தேன். செங்கலக் காலால தள்ளி விட்டுட்டேன். செருப்ப எடுத்து சூளையில போட்டேன். எழுதும்மா."

சுந்தரவல்லி கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே முதுகைச் சாய்த்து நின்றாள். நான் இரண்டு மூன்று என்பதை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். ஜெசிந்தா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனாள், கதவைச் சாத்தினது, தண்ணீர் கொடுக்காதது, எத்தனை அடி, எங்கெங்கே. என் கை மெதுவான கை, ஒவ்வொரு வரிக்கும் அவள் காத்திருந்தாள். அவளை யாரும் அடிக்கவில்லை.